வீட்டுத் தோட்டமும் வெள்ளிக்கிழமைச் சந்தையும்

சிக்கனம் என்ற சொல்லைச் செலவைக் குறைத்தல் என்னும் ஒரே பொருளில் நாம் வழங்கி வருகிறோம். அஃது அரைப் பொருளே. 100 ரூபாய் பெறும் பொருளை 40 ரூபாய்க்கு வாங்கி வந்து அது பரண்மேல் கிடக்குமானால், மிச்சமானது 60 ரூபாய் அன்று. வீணானது 40 ரூபாய். வாங்கிய பொருள் என்ன வேலை செய்கிறது, எத்தனை நாள் செய்கிறது என்று கேட்ட பிறகே அது சிக்கனமா, வெறும் மலிவா என்று சொல்ல இயலும். வகுப்பறையில் இதனைப் பயன்பாடு, தேய்மானம் என்னும் தலைப்புகளில் படிக்கிறோம். தாம்பரத்திலும் அதைச் சூழ்ந்த புறநகர்களிலும் வாழும் குடும்பங்கள் இப்பாடத்தைப் படிக்க வேறு இரண்டு இடங்கள் உள்ளன. ஒன்று, மொட்டை மாடியிலோ கொல்லையிலோ போடும் காய்கறித் தோட்டம். மற்றொன்று, பல்லாவரத்தில் வாரந்தோறும் கூடும் வெள்ளிக்கிழமைச் சந்தை. இவ்விரண்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பல்லாவரம் சந்தை

தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கிச் செல்லும் மின்சார ரயிலில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை ஆகியவற்றை அடுத்து மூன்றாவது நிலையம் பல்லாவரம். இம்மின்சார ரயில் 1931 முதல் ஓடுகிறது. நம் புறநகர்கள் வளர்ந்தது இந்தத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டுதான். நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில், பழைய டிரங்க் ரோட்டில், வெள்ளிதோறும் சந்தை கூடுகிறது. நூறாண்டுக்கு மேற்பட்ட சந்தை இது என்றும், ஆதியில் பரங்கிமலையில் கூடிய மாட்டுச் சந்தையே பின்னர் இங்கு வந்து சேர்ந்தது என்றும் ஊரார் சொல்வர். இன்று அங்கே மாடு தேடிப் போவாரைக் காண்பது அரிது. காய்கறிக் கூறு, கருவாடு, நாற்று, பூச்செடி, மண் தொட்டி, கயிறு, கத்தி, கடப்பாரை, கைபோன பொம்மை, கால்போன நாற்காலி, ஓடாத கடிகாரம், ஓடினாலும் ஓடும் மின்விசிறி என்று தார்ப்பாய் தார்ப்பாயாக விரித்திருப்பர்.

சென்னையில் பழம்பொருள் என்றால் ஒருகாலத்தில் மூர் மார்க்கெட்தான் நினைவுக்கு வரும். 1900இல் திறக்கப்பெற்ற அக்கட்டடம் 1985 மே 30ஆம் நாள் தீக்கிரையாயிற்று. பழைய புத்தகத்திற்கு அதற்கு ஈடான இடம் பிறகு அமையவில்லை. ஆனால் பழைய சாமானுக்குப் பல்லாவரம் இருக்கிறது. பாரிஸ் நகரத்தை ஒட்டிய பழஞ்சாமான் சந்தைக்குப் பிரெஞ்சு மக்கள் ‘தெள்ளுப்பூச்சிச் சந்தை’ என்று பெயரிட்டனர். பழைய துணியிலும் மெத்தையிலும் தெள்ளுப்பூச்சி ஒளிந்திருக்கும் என்ற கேலி அதில் உண்டு. நம்மவர் கிழமையின் பெயரையே வைத்துவிட்டனர். அதுவும் வெள்ளிக்கிழமை! அந்த நாளில் கைக்காசை வெளியே கொடுக்கத் தயங்கும் வீடுகள் இன்றும் உள்ளன. அவ்வீட்டுப் பெரியவர்களும் சந்தைக்கு மட்டும் விலக்கு அளித்திருப்பதைக் காண்கிறோம்.

வெள்ளி வேலைநாள் ஆகையால், குடும்பத்தோடு போவதென்றால் கோடை விடுமுறையோ பண்டிகை விடுமுறையோ வாய்க்க வேண்டும். மற்ற வாரங்களில் ஓய்வு பெற்றோரும், முறை மாற்றி வேலைக்குச் செல்வோரும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் தாய்மாரும் போகின்றனர். தாம்பரத்திலிருந்து ஒருவருக்கு ரயில் கட்டணம் 5 ரூபாய். நான்கு பேர் போய்வர 40 ரூபாய். இந்த 40 ரூபாயையும் கணக்கில் எழுத வேண்டும். எழுதாதவர்களே சந்தையில் எல்லாம் கொள்ளை மலிவு என்று சொல்லித் திரிவார்கள்.

கணக்கு என்ன சொல்கிறது?

சந்தைக்குக் கிளம்பும் முன் என்ன பயிரிடப் போகிறோம் என்பது முடிவாகியிருக்க வேண்டும். பெரும்பாலோர் தக்காளியில் தொடங்குகின்றனர். காரணம் வேறில்லை; சிவந்த பழம் கண்ணுக்கு அழகு. ஒரு குடும்பம் 10 செடிப் பை, அவற்றை நிரப்பத் தேங்காய் நார்க்கழிவு, உரம், ஊன்றுகோல் எல்லாவற்றுக்குமாகக் கடையில் 1,500 ரூபாய் செலவிட்டதாக வைத்துக்கொள்வோம். மாடித் தொட்டியில் செடிக்கு ஒன்றரைக் கிலோ காய்த்தால் அது நல்ல விளைச்சலே. ஆக 15 கிலோ. முதல் போகத்தில் கிலோ 100 ரூபாய் அடக்கம் ஆகிறது. அதே தக்காளி சந்தையில் 30 ரூபாய்க்குக் கிடைக்குமானால் அந்தத் தோட்டத்திற்குச் சிக்கனம் என்று பெயரிட முடியாது. பைகள் அடுத்த போகத்திற்கும் உதவும். அடக்க விலை குறையும். ஆயினும் 30க்கு இறங்க நெடுநாள் ஆகும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது உண்மைதான். அப்படி ஒரு மாதம் எப்போதோ வருகிறது என்பதற்காக ஆண்டு முழுவதும் பத்துப் பைகளுக்குத் தண்ணீர் சுமக்க வேண்டுமா என்று யோசிக்க வேண்டும்.

இப்போது கீரையை எடுத்துக்கொள்வோம். நான்கு பேர் உள்ள வீட்டில் வாரம் மூன்று கட்டுக் கீரை வாங்குகின்றனர். கட்டு 20 ரூபாய் என்று கொண்டால் வாரம் 60 ரூபாய், ஆண்டுக்கு 3,120 ரூபாய். மீன் வரும் பழைய தெர்மாகோல் பெட்டி எட்டு வாங்கி, வாரத்திற்கு இரண்டாக மாற்றி மாற்றி விதைத்தால், சிறுகீரை மூன்றரை நான்கு வாரத்தில் அறுவடைக்கு வருவதால் வாரம் இரண்டு கட்டு எடுக்கலாம். பெட்டி ஒன்று 40 ரூபாய் வீதம் 320, மண்ணும் எருவும் 600, விதை 80, ரயில் 40, மொத்தம் 1,040 ரூபாய். கத்திரி வெயிலுக்கும் ஐப்பசி கார்த்திகை அடைமழைக்கும் 12 வாரம் தள்ளிவிட்டு 40 வாரம் என்று கொண்டால் 80 கட்டு. மதிப்பு 1,600 ரூபாய். முதல் ஆண்டு மிச்சம் 560. இரண்டாம் ஆண்டில் பாதிப் பெட்டி உடைந்திருக்கும்; அதற்கு 160, எருவுக்கு 200, விதைக்கு 80, ஆக 440 போக மிச்சம் 1,160.

இவை எடுத்துக்காட்டுக்காகக் கொண்ட விலைகள். அவரவர் ஊர் விலையை இட்டுப் பார்த்துக்கொள்ளலாம். தொகை பெரிதல்ல என்பதையும் ஒளிக்க வேண்டியதில்லை. உழைப்புக்குக் கூலி போட்டால் இதுவும் நட்டமாகத் தோன்றலாம். ஆனால் பொழுது விடிந்ததும் மாடியில் கால் மணி நேரம் நிற்பதற்குக் கூலி கேட்பவர் யாரும் நம் வீடுகளில் இல்லை. தக்காளியில் ஏறாத கணக்கு கீரையில் ஏன் ஏறுகிறது என்பதே இங்குக் கவனிக்கத் தக்கது. கீரை விரைவில் விளைகிறது. ஆழமான மண் கேட்பதில்லை. வாங்கி வைத்தால் மறுநாளே வாடி வீணாகிறது. கடையில் கட்டாக வாங்கி அரைக் கட்டைக் குப்பையில் போடும் வீட்டுக்கு, வேண்டும்போது வேண்டியதைக் கிள்ளிக்கொள்வதே பெரிய வரவு. கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய் ஆகியவையும் இந்த இனமே. ‘கறிவேப்பிலை கொசுறாக வருமே, அதற்கு எதற்குத் தொட்டி?’ என்று கேட்கலாம். கொசுறு கொடுக்கும் கடை உள்ள தெருவில் இருப்பவர் பாக்கியசாலி. பில் போடும் கடைகளில் அதற்கும் விலைச்சீட்டு ஒட்டியாயிற்று. வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் முதலியவற்றை மட்டும் மாடியில் முயல வேண்டாம். அவற்றைச் சந்தையிலேயே வாங்குவது அறிவுடைமை.

காசைத் தவிர வேறொன்றும் இதில் அடங்கியுள்ளது. 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டிலும் அப்பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்நிலையிலேயே இருந்தனர். கீரை தின்றால் மட்டும் இந்நோய் தீர்ந்துவிடும் என்று சொல்வது சரியன்று. கீரையிலுள்ள இரும்புச் சத்து முழுவதும் உடலில் சேர்வதில்லை. எலுமிச்சை, நெல்லி போன்ற புளிப்புக் கனியோடு உண்டால் சேரும் அளவு கூடும். உணவோடு காபி, தேநீர் குடித்தால் குறையும். ஆயினும் முருங்கைக்கீரையும் தண்டுக்கீரையும் வாரம் இரு முறை வரும் வீட்டில், கண்ணுக்கு வேண்டிய சத்தும் பிறவும் கூடவே கிடைக்கின்றன. மாதக் கடைசியில் குடும்பத் தலைவி முதலில் வெட்டும் செலவு காய்கறிச் செலவுதான். மாடியில் எட்டுப் பெட்டி இருந்தால் அந்த வெட்டு கீரைமேல் விழாது.

இந்த எண்ணம் புதிதன்று. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வீட்டுப் புல்வெளிகளெல்லாம் காய்கறிப் பாத்திகளாயின. நம் நாட்டில் உணவுத் தட்டுப்பாடு நிலவிய 1965இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தம் இல்லத்துப் புல்தரையை உழுதார். 2013–14ஆம் ஆண்டில் தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை, ‘நீங்களே செய்து பாருங்கள்’ என்ற பெயரில் மாடித் தோட்டப் பொருள்களைச் சென்னை, கோவை நகரங்களில் மானிய விலையில் அளிக்கத் தொடங்கியது. பையும் விதையும் கிடைத்தவர் பலர். அவற்றை மூன்றாம் ஆண்டிலும் விடாமல் வைத்திருப்பதே கடினமான பகுதி.

தொட்டியாகக் கூடியவை, கூடாதவை

சந்தையில் தொட்டி என்று விற்பதை மட்டும் தொட்டியாகக் கருத வேண்டியதில்லை. விளிம்பு உடைந்த கைகழுவும் தொட்டி, மூடி தொலைந்த பிளாஸ்டிக் கூடை, ஓட்டைக் குடம், 15 கிலோ எண்ணெய் டின், பழைய குழந்தைக் குளியல் தொட்டி ஆகிய எல்லாவற்றிலும் செடி வளரும். ஓட்டை இருப்பது இங்குக் குறையாகாது. தண்ணீர் வடிய வழியில்லாத பாத்திரமே செடிக்குப் பகை. வேறு எந்த வேலைக்கும் ஆகாத ஒழுகும் வாளியை அரை விலைக்குக் கேட்டு வாங்க, தோட்டம் போடுபவர் ஒருவருக்கே துணிவு வரும். சந்தையும் தோட்டமும் பொருந்தும் இடம் இதுதான். பிறருக்குப் பயன் தீர்ந்த பொருள் இவருக்கு முழுப் பயன் தருகிறது. தெர்மாகோல் பெட்டியைச் சோப்பு நீரில் கழுவி வெயிலில் காயவைத்து, அடியில் ஐந்தாறு துளை இட்டு, சுற்றிலும் பழைய சாக்கைக் கட்டிவிட்டால் வெயிலில் பொடிந்து உதிராமல் சில காலம் நிற்கும். சிமெண்டு வந்த வெள்ளைச் சாக்கு இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஒரு கோடை வெயிலில் அது நூல் நூலாகப் பிரிந்து மண்ணோடு கலந்துவிடும், பொறுக்கி மாளாது.

மலிவு என்பதற்காகத் தொடக்கூடாத பொருள்களும் அங்கே உண்டு. அவற்றை மாணவர்கள் தம் வீட்டாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். பழைய கார் பேட்டரியின் பெட்டி செவ்வகமாக, உறுதியாக, கீரைக்கென்றே செய்தது போல இருக்கும். அதில் தங்கிய ஈயம் மண்ணில் இறங்கிக் கீரையில் ஏறும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பெயர்ச்சீட்டுக் கிழிந்த நீல நிற டிரம்மில் முன்னர் என்ன இருந்தது என்பதை விற்பவரும் அறியார். பூச்சிமருந்து டப்பா எத்தனை முறை கழுவினாலும் உணவுப் பயிருக்கு ஆகாது. இடித்த வீடுகளிலிருந்து வரும் வண்ணம் பூசிய பலகை, சன்னல் சட்டம் ஆகியவற்றில் பாத்தி அமைப்பதும் தவறு. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் அளவுக்கு மேல் இருக்கலாகாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட மரத்தில் எவ்வளவு இருக்கும் என்று யார் கண்டது? அது பூச்செடிக்கு இருக்கட்டும். சுவர்ப் பெயிண்டு வந்த பிளாஸ்டிக் வாளியை மட்டும், உள்ளே ஒட்டிய தோலை முழுவதும் உரித்துக் கழுவிய பின் பயன்படுத்தலாம். வாடை போகாவிட்டால் அதுவும் பூச்செடிக்கே.

எடையையும் நினைக்க வேண்டும். 20 லிட்டர் வாளியில் செம்மண் நிரப்பி நீர் ஊற்றினால் 30 கிலோவுக்குக் குறையாது. அத்தகைய வாளிகளை மாடியின் நடுவே கூட்டமாக வைக்காமல் சுவரும் உத்திரமும் தாங்கும் ஓரங்களில் வரிசையாக வைப்பது நலம். வாடகை வீடாயின் வீட்டுக்காரரிடம் முன்னரே ஒரு சொல் கேட்டுவிடுவது எல்லாவற்றிலும் மலிவு.

கருவிகளைப் பொறுத்தவரை பழையதே சிறந்தது என்பது என் கருத்து. பழைய களைக்கொத்தியின் இரும்பைக் கல்லில் தட்டினால் கணீரென்று ஓசை வர வேண்டும். துரு இருந்தால் தேய்த்துக்கொள்ளலாம். விரிசல் இருந்தால் ஒன்றும் செய்ய இயலாது. குழாய், மோட்டார், செம்புக் கம்பி போன்றவற்றை ரசீது இன்றி அடிமாட்டு விலைக்கு ஒருவர் கொடுத்தால் விலகி வருவதே நன்று. திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, அவ்வாறு நம்ப இடமிருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி குற்றமாகும்.

செடி வாங்கும் முறை

கொத்தாகப் பூத்திருக்கும் ரோஜாச் செடியே சந்தையில் முதலில் விலை போவது. ஓசூர், பெங்களூர்ப் பக்கத்துக் குளிரில் வளர்ந்த செடி, பூத்த பெருமையோடு நம் வெயிலுக்கு வந்து, ஒரு மாதத்தில் குச்சியாவதைப் பல வீடுகளில் காணலாம். பூவுக்கு விலை கொடாமல் தூரில் புதுத் தளிர் விடும் செடிக்கு விலை கொடுக்க வேண்டும். அடுத்து, களிமண் உருண்டை. தோண்டி எடுத்த செடியின் வேரைச் சுற்றிக் களிமண்ணை அப்பி விற்பதுண்டு. தண்டைப் பிடித்து மெல்ல அசைத்தால் உருண்டையோடு செடி அசைய வேண்டும். செடி மட்டும் தனியே ஆடினால் வேர் பிடிக்கவில்லை என்று பொருள். வாங்கிவிட்டவர்கள் நடுமுன் அந்தக் களிமண்ணை நீரில் ஊறவைத்துத் தளர்த்தி நட வேண்டும். ஆந்திர மாநிலம் கடியத்திலிருந்து நாடெங்கும் வரும் ஒட்டு மா, ஒட்டுச் சப்போட்டா ஆகியவற்றில் ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேல் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். மண்ணுக்குள் புதைந்திருந்தால் வளர்வது எது என்று பல ஆண்டு கழித்தே தெரியும்.

ஆனால் செடியே வாங்காமல் செடி சேர்க்கும் வழி காய்கறிக் கூறிலேயே இருக்கிறது. பொன்னாங்கண்ணிக் கட்டு வாங்கி இலையைக் கிள்ளிய பின் தண்டைக் குப்பையில் போடுகிறோம். கணு உள்ள தண்டாகப் பார்த்து ஈர மண்ணில் செருகினால் சில நாளில் வேர் விடும். புதினாவும் பசலையும் இவ்வாறே. தனியா விதையை உருட்டி இரண்டாகப் பிளந்து விதைத்தால் கொத்தமல்லி. கொல்லை உள்ளவர்கள் முருங்கைக் கொம்பு நடலாம். விதை போட்டு ஆறு மாதத்தில் காய்க்கும் பி.கே.எம்.1 என்ற செடிமுருங்கை, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாக்கி 1989இல் வெளியிடப் பெற்றது. புயலுக்கு முருங்கை நிற்காது என்பதை 2016 டிசம்பரில் வர்தா நமக்குக் காட்டியது. ஆயினும் வெட்டி நட்டால் மீண்டும் வரும் மரம் அதைப் போல வேறில்லை.

பிள்ளைகளோடு போகும்போது

குழந்தைகள் நாற்றுக்கடையில் நிற்கமாட்டார்கள்; பறவைக் கூண்டின் முன்தான் நிற்பார்கள். பச்சைக்கிளியும் சில்லையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. விற்பதும் குற்றம், வாங்கி வளர்ப்பதும் குற்றம். ‘பாவம், வாங்கிப் பறக்க விட்டுவிடலாமே’ என்ற இரக்கமும் அடுத்த வாரம் மேலும் பத்துக் கிளிகள் பிடிபடவே உதவும். இதைச் சந்தையின் நடுவில் அழும் பிள்ளையிடம் விளக்க முடியாது. ரயில் ஏறுமுன் வீட்டிலேயே சொல்லிவிட வேண்டும். மாறாக, ஆளுக்கு 20 ரூபாய் கொடுத்து, ‘தோட்டத்துக்கு ஆகும் பொருள் ஒன்றை நீயே பேரம் பேசி வாங்கு’ என்று விட்டால் அந்தப் பிள்ளை கேட்கும் கேள்விகள் வேறாகிவிடும். ஒழுகாத பூவாளிக்கு 20 ரூபாய் போதாது என்பதும், வாய் நசுங்கிய பூவாளி 20 ரூபாய்க்குக் கிடைக்கும் என்பதும், நசுங்கிய வாயை அப்பா நிமிர்த்திவிடுவார் என்பதும் அதற்கு ஒரு காலைப்பொழுதில் விளங்கும். போகும்போது துணிப்பை, வரும்போது தூக்கக்கூடிய அளவு, குடிக்கத் தண்ணீர் ஆகியவற்றை நினைவில் கொண்டால் போதும். வெயிலேறுமுன் திரும்புவது செடிக்கும் பிள்ளைக்கும் நல்லது.

மண்ணும் நீரும்

நம் வட்டாரத்து மேட்டு நிலம் பெரும்பாலும் செம்பூரான் சரளை கலந்தது. இதே பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று, சரளை தோண்டிய பள்ளம் ஒன்றில் நில இயலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்லியலில் பழைய கற்கால ஆய்வு அதிலிருந்து தொடங்குகிறது. பல்லாவரத்தில் பழஞ்சாமான் பொறுக்கி இவ்வளவு புகழ் பெற்றவர் அவருக்குப் பின் யாருமில்லை! அந்தச் சரளை மண் நீரை வேகமாக வடியவிடும்; சத்து குறைவு. ஆகவே செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு என்று கலப்பது வழக்கம். மணல் விற்கும் விலையில், அந்தப் பங்கைக் காய்ந்த இலைச் சருகின் மட்காலும் நார்க்கழிவாலும் ஈடு செய்யலாம். சமையலறைக் கழிவை ஒரு பழைய வாளியில் சருகும் கழிவும் மாறி மாறி அடுக்கி மூடிவைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் எரு ஆகும். நாற்றம் வந்தால் சருகு போதவில்லை என்று அறியலாம். மாநகரக் குப்பை மேட்டிலிருந்து சலித்து வரும் உரத்தைக் கீரைக்கு இடலாகாது. அதில் உடைந்த பேட்டரி, குழல்விளக்கு எல்லாவற்றின் சாரமும் சேர்ந்திருக்கும்.

நீரிலும் இதே எச்சரிக்கை வேண்டும். குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் தோல் தொழிலிலிருந்து வந்தது. பல்லாவரம், நாகல்கேணிப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகளால் அங்கு நிலத்தடி நீர் குரோமியம் கலந்து கெட்ட வரலாறு நெடியது. அப்பகுதியில் கிணற்று நீரைக் கீரைக்கு ஊற்றுவோர் ஒரு முறையேனும் அதைப் பரிசோதித்துக்கொள்வது கடமை. தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் கழிவுநீர் உப்பு மிகுந்தது. தினமும் அதையே ஊற்றினால் இலை ஓரம் கருகும். அரிசி களைந்த நீர், காய் கழுவிய நீர், ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் நீர் ஆகியவை செடிக்கு ஏற்றவை.

நம் ஊரில் நீர் ஒன்று மிகும், அல்லது ஒன்றுமில்லாமற் போகும். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. நான்கே ஆண்டு கழித்து 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குத் தெருத்தெருவாகக் குடங்கள் காத்துக் கிடந்தன. அந்தக் கோடையில் பத்துத் தக்காளிப் பைகளைக் காப்பாற்றியவர் சிலரே. நிழலில் தள்ளிவைத்த கறிவேப்பிலையும் பொன்னாங்கண்ணியும் பல வீடுகளில் பிழைத்தன. அடைமழையில் பெட்டிகளை வெறும் தரையில் வைக்காமல் செங்கல்மேல் வைத்தால் அடித்துளை அடைபடாது. மாடியின் மழைநீர் வடிகுழாயை மண் அடைக்காமல் பார்த்துக்கொள்வதும் தோட்டக்காரர் பொறுப்பே. 2003 முதல் தமிழகத்தில் கட்டாயமாக்கப்பெற்ற மழைநீர் சேகரிப்பு அமைப்பு பல வீடுகளில் இலையும் மண்ணும் அடைத்தே பயனற்றுப் போயிற்று.

விதைக்கும் காலம்

ஆடிப் பட்டம் தேடி விதை என்பது நம் முன்னோர் மொழி. கத்திரி, மிளகாய் நாற்றும் அவரையும் அப்போது தொடங்கலாம். நாட்டு அவரை பகல் குறுகிய பின்னரே பூக்கும் இயல்புடையது. தையில் விதைத்துவிட்டுக் கோடையில் காய் தேடினால் கொடிதான் வளரும். அடுத்த பட்டம் தை. வெண்டைக்கு நாற்று வேண்டாம். நேரே ஊன்றினால் ஒன்றரை மாதத்தில் காய் பறிக்கலாம். கீரைக்கு மட்டும் பட்டம் பார்க்க வேண்டியதில்லை; நேர் மழையும் கடும் வெயிலும் தவிர்த்தால் போதும்.

கீரை விதை கடுகினும் சிறியது. கைப்பிடி மணலில் கலந்து தூவி, மேலே மெல்லிய மணற்போர்வை போட்டு, தெளிப்பாகவே நீர் விட வேண்டும். ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு அடித்துச் செல்லப்படும். எறும்பு இழுக்காமல் ஓரங்களில் சாம்பல் தூவலாம். நெருங்கி முளைத்ததைப் பத்தாம் நாள் பிடுங்கி விலக்க வேண்டும், பிடுங்கியதையே பொரியலாக்கலாம். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் நான்கு விரற்கடை விட்டு அறுத்தால் மீண்டும் தழைக்கும்.

சந்தையில் பொட்டலமாக வாங்கும் விதையில் பத்தை எடுத்து ஈரத் துணியில் முடிந்து வைத்து, எத்தனை முளைக்கின்றன என்று பார்த்துவிட்டு மீதியை விதைக்க வேண்டும். ஏழெட்டு முளைத்தால் நல்ல விதை. மூன்று நான்கு என்றால் இருமடங்கு தூவ வேண்டும். வீரிய ஒட்டு விதையாயின் ஆண்டுதோறும் வாங்கியே தீர வேண்டும். நாட்டு விதையாயின் எட்டுப் பெட்டியில் ஒன்றில் திடமான நான்கு அரைக்கீரைச் செடிகளை அறுக்காமல் விட்டுவைக்கலாம். கதிர் பழுத்துப் பழுப்பேறியதும் வெட்டி, காகிதத்தின்மேல் நிழலில் உலர்த்தி, கையால் கசக்கி ஊதினால் பளபளப்பான கறுத்த விதை கீழே தங்கும். அதனுடன் சிறிது சாம்பல் கலந்து, உலர்ந்த பழைய மருந்துப் புட்டியில் இட்டு இறுக மூடி, வெளியே பெயரும் மாதமும் எழுதிவைத்தால் அடுத்த ஆண்டுக் கணக்கில் விதைக்கென்று எழுதிய 80 ரூபாயில் பெரும்பகுதியை அடித்துவிடலாம்.